புகார் எந்த மேசைக்குப் போகிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். புதுச்சேரியில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்பில் முன்னால் நிற்கும் கம்பெனிகள்தான் புதுமையிலும் முன்னால் நிற்கின்றன என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, உண்மையென்றால் எது எதைக் கொண்டுவருகிறது, கடலூர் புதுச்சேரிப் பக்கம் இதற்கு உதாரணம் உண்டா என்பது கேள்வி. கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "எங்க அப்பா பண்ருட்டிக்குப் பக்கத்துல சின்னதா முந்திரி ஆலை வெச்சிருக்கார். நமக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா சார்?" எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்தது. ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் அங்கே வந்துசேர முடியும்.

நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவன். பாதிக் காலம் உற்பத்தி, மீதிக் காலம் பாதுகாப்பும் சுற்றுச்சூழலும். சி.எஸ்.ஆர். சட்டம் வந்தபோது, "நீங்கதான் ஊர்க்காரங்ககிட்ட நல்லாப் பேசுறீங்களே" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். ஆகவே நான் சொல்வதில் படித்தது பாதி, பட்டது பாதி.

காசோலையாகப் போகும் சி.எஸ்.ஆர். தொழிலில் புதுமையைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. வெளியில் இருப்பவர்களின் குறை, ஆலையை ஓட்டுகிறவர் மேசைக்கு வந்து சேர்ந்தபோது கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சிப்காட் பேட்டை கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது. கிழக்கே உப்பனாறு, அதற்கு அப்பால் கடல். குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி போன்ற ஊர்கள் ஆலைச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு மூக்குதான் கருவி. "இது அழுகின முட்டை, இது நெயில் பாலிஷ், இது ஆஸ்பத்திரி வாசனை" என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். 2004-இல் ஊர்க்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாசனை வந்த நேரத்தைக் குறித்துவைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். அந்த வாளி உத்தி அமெரிக்காவில் கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக உருவானது. சிப்காட் ஆலைகளில் இருந்த நாங்கள் எல்லாரும் அன்றைக்கு அதைத் தொந்தரவாகத்தான் பார்த்தோம். இப்போது யோசித்தால், அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் நடந்த நல்ல புதுமைகளில் அந்த வாளியும் ஒன்று. செய்தவர்களிடம் ஆராய்ச்சிப் பிரிவும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது.

சட்டம் வந்த பிறகு எங்கள் ஆலை பக்கத்து ஊரில் ஒரு ஆர்.ஓ. குடிநீர் நிலையம் கட்டிக்கொடுத்தது. நீல வண்ணம், கம்பெனிப் பெயர் ஒரு முழ உயரத்தில், ரிப்பன் வெட்டிய போட்டோ ஆண்டறிக்கையின் அட்டையில். ஒப்படைப்பு முடிந்ததும் அது பஞ்சாயத்தின் சொத்து, பராமரிப்பும் அவர்கள் பாடு. உப்பை வடிகட்டும் மெம்பரேனை மாற்றப் பணம் இல்லாமல் இரண்டாம் கோடையிலேயே தண்ணீர் உப்புக் கரித்தது. அப்புறம் ஒருநாள் போனபோது கதவில் பூட்டும், நிழலில் இரண்டு ஆடுகளும் இருந்தன. இதற்கிடையில் வாசனை மட்டும் நின்றபாடில்லை. இரவில் போன் வரும். கேட்டில் செக்யூரிட்டி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டு மாதக் கடைசியில் என்னிடம் வரும். நான் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போடுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

உற்பத்திப் பிரிவில் புதிதாக ஒரு பெண் பொறியாளர் சேர்ந்தார். அவருடைய சித்தி அந்த ஊரில் வாக்கப்பட்டவர். சித்தி கேட்டுக்குப் போன் செய்ய மாட்டார், நேராக இவருக்கே செய்வார். "ஏண்டி, உங்க கம்பெனி இன்னைக்கும் நெயில் பாலிஷ் காய்ச்சுதா?" இந்தப் பெண் விளையாட்டுப்போல ஒரு காரியம் செய்தார். சித்தி போன் செய்த தேதியையும் நேரத்தையும், எப்போது என்ன உற்பத்தி நடந்தது என்று எழுதும் பேட்ச் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷை அழிக்கப் பயன்படும் அந்தக் கரைப்பானை, காய்ச்சி வடிக்கிற நேரம். அதிலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம்.

காரணம் சின்னது. அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் திரவமாக்குவது கண்டென்சரின் வேலை. கடலூர்க் கோடையில் கூலிங் டவர் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு கண்டென்சர் என்னதான் செய்யும்? பிடிபடாத ஆவி வென்ட் குழாய் வழியே வெளியே போய், காற்றசையாத இரவில் ஊர்மேல் படிந்துவிடுகிறது. வேறொரு பிளான்டுக்காக ஓடிக்கொண்டிருந்த சில்லரிலிருந்து, அதாவது தண்ணீரைக் குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து, ஒரு லைன் இழுத்து, வென்டுக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு சின்ன கண்டென்சர் வைத்தோம். கணக்குப் பிரிவு முதலில் முறைத்தது. நான்கைந்து மாதத்தில் அசிட்டோன் கொள்முதல் கண்ணில் தெரிகிற அளவுக்குக் குறைந்ததும் அவர்களே வந்து, "மத்த வென்டுக்கெல்லாம் எப்ப சார் வைப்பீங்க?" என்று கேட்டார்கள். அதுவரை "ஆவியாகப் போகிறது, என்ன செய்வது" என்று விட்டிருந்த கரைப்பான்கள் அத்தனைக்கும் அப்புறம்தான் வரவு செலவு எழுத ஆரம்பித்தோம். அந்த நஷ்டம் முழுக்க வருஷக்கணக்கில் ஊர்க்காரர்களின் மூக்கில்தான் பதிவாகிக்கொண்டிருந்தது, எங்கள் கணக்கில் ஏறவே இல்லை.

அந்த ஆண்டின் சி.எஸ்.ஆர். அறிக்கையில் கண்டென்சர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்டையில் பழையபடி ஆர்.ஓ. நிலையம். இது யாருடைய சூழ்ச்சியும் இல்லை, சட்டமே அப்படித்தான்.

உங்களுக்கு இது பாடத்திலேயே இருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135, 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஒன்றைத் தொட்டாலும் முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, செலவழிக்காத பணத்தைச் சும்மா வைத்திருக்க முடியாது, தனிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்றியாக வேண்டும். நம் பேச்சுக்கு முக்கியமானது இன்னொரு விதி. கம்பெனி தன் வழக்கமான தொழிலாகச் செய்யும் எதுவும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படுவதும் சேராது. ஆகவே எங்கள் கண்டென்சரைச் சி.எஸ்.ஆர். என்று எழுதியிருந்தால் அதுதான் தப்பாகியிருக்கும். தன் வீட்டுக் குப்பையை அள்ளியதற்குத் தர்மக் கணக்கு எழுதக் கூடாது என்பது சட்டத்தின் நியாயம், எனக்கும் அதில் சம்மதமே. ஆனால் அதன் பக்கவிளைவைப் பாருங்கள். சமூகப் பொறுப்புக்கும் உற்பத்திக்கும் நடுவில் சட்டமே ஒரு சுவர் எழுப்பிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ரிப்பன் வெட்டு, இந்தப் பக்கம் ரியாக்டர். கொரோனா காலத்தில் மட்டும் அந்தச் சுவரில் ஒரு கதவு திறந்தார்கள். தடுப்பூசி, மருந்து ஆராய்ச்சியையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் கோவிட் ஆராய்ச்சிச் செலவைச் சில நிபந்தனைகளோடு 2020-21 தொடங்கி 3 நிதியாண்டுகளுக்குச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டலாம் என்றார்கள்.

இனி உங்கள் வகுப்பில் சொன்னது. சி.எஸ்.ஆரில் நல்ல மதிப்பெண் வாங்கும் கம்பெனிகள் லாபத்திலும் நன்றாக இருக்கின்றன என்று ஆய்வுக்கட்டுரைகள் குவிந்து கிடந்த காலத்தில், 2000-இல் அபிகாயில் மெக்வில்லியம்ஸ், டொனால்ட் சீகல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள்: இந்தக் கணக்கில் ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவைச் சேர்த்தீர்களா? சேர்த்துப் பார்த்தால் சி.எஸ்.ஆரின் தாக்கம் நடுநிலைக்கு வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். ஆராய்ச்சிக்குச் செலவிடும் கம்பெனியே சி.எஸ்.ஆரிலும் செலவிடுகிறது, லாபத்துக்குக் காரணம் ஆராய்ச்சியாக இருக்கலாம் என்று பொருள். இரண்டும் ஒன்றாகவே காணப்படுகின்றன என்பது சரி. வசதியுள்ள வீட்டில் காரும் இருக்கும், நாயும் இருக்கும். நாய் வாங்கினால் கார் வராது. உங்கள் புராஜெக்டில் இந்த ஆய்வை விட்டுவிடாதீர்கள், வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

மதிப்பெண்ணை நம்புவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. 2015 செப்டம்பரில் உலக அளவிலான ஒரு நிலைத்தன்மைக் குறியீடு வாகனத் துறையில் வோக்ஸ்வேகனை முதலிடத்தில் வைத்தது. அதே மாதத்தில்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, அந்தக் கம்பெனியின் டீசல் கார்களில் புகைப் பரிசோதனை நடப்பதைத் தானே கண்டுபிடித்து, அந்த நேரத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள் இருக்கிறது என்று அறிவித்தது. அடுத்த மாதமே குறியீட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. அந்த மென்பொருளும் ஒரு புதுமைதானே? கெட்டிக்கார மூளை வேலை செய்திருக்கிறது. புதுமை என்றாலே நல்லது என்று நினைத்துக்கொண்டு பேசுவதால் இந்த விவாதம் பாதி நேரம் குழம்பிவிடுகிறது.

நெருக்கடி புதுமையைக் கொண்டுவரும் என்று 1990-களில் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் வாதாடினார். நன்றாக வகுத்த சுற்றுச்சூழல் விதி கம்பெனிக்குச் செலவை மட்டும் வைக்காமல் யோசிக்கவும் வைக்கும், அதில் சில சமயம் லாபமும் வரும் என்பது அவர் கட்சி. நமக்குத் தெரிந்த இடம் திருப்பூர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யலில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது என்ற நிலை வந்த பிறகுதான் சாயத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துவது, உப்புக் கரைசலை அப்படியே மறுபடி சுற்றுக்கு விடுவது எல்லாம் அங்கே பட்டறை வேலையாகவே ஆனது. ஆனால் அந்த இடைவெளியில் வேலை இழந்து ஊர் திரும்பிய தொழிலாளியிடம் போய்ப் போர்ட்டர் கட்சியைச் சொல்லிப் பாருங்கள். சின்னப் பட்டறைகள் பல திரும்ப எழவே இல்லை. "நெருக்கடி நல்லது" என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

இப்போது கடலூருக்கு வருவோம். நம் ஊர் இந்தியத் தொழிலுக்குக் கொடுத்த பெரிய புதுமை எது என்று கேட்டால் ஷாம்பு பாக்கெட் என்பேன். கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன், பாட்டிலில் விற்ற பொருள்களை ஏழைகளும் வாங்குகிற மாதிரிச் சின்னப் பாக்கெட்டில் அடைக்கலாம் என்று நினைத்தவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு கடலூரில் தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு, பின்னாளில் கெவின்கேர். பாட்டில் ஷாம்புவைக் கடைக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்திருந்த வீடுகளில் ஷாம்பு நுழைந்தது. பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் பாக்கெட்டைப் பின்பற்றின. வசதியில்லாதவர்களையும் மனிதர்களாக எண்ணிச் செய்த புதுமை இது. அவர்கள் அன்றைக்குச் சி.எஸ்.ஆர். என்ற வார்த்தையையே கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பாக்கெட்டின் மறுபக்கமும் நம் ஊரிலேயே கிடக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்குப் பிளாஸ்டிக், பிரித்தெடுக்க முடியாது, காயலான் கடைக்காரரும் எடைக்கு எடுக்க மாட்டார். கெடிலம் ஆற்றங்கரையிலும் மஞ்சக்குப்பத்துச் சாக்கடைகளிலும் மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள், மினுமினுவென்று கிடக்கும்.

இதில் என்னை வியக்க வைப்பது இன்னொன்று. சிக் ஆரம்ப காலத்தில் விற்பனைக்காக ஒரு திட்டம் போட்டார்கள். ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதலில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டானாலும் சரி என்றார்கள், அப்புறம் சிக் பாக்கெட் மட்டும் என்று மாற்றினார்கள். பிள்ளைகள் தெருத்தெருவாகப் பொறுக்கிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன. குப்பையைக் குறைப்பதற்காகச் செய்ததல்ல, போட்டியாளரின் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுக்கச் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், காலி உறையைத் தெருவிலிருந்து கடைவரை திரும்பக் கொண்டுவரும் வழியை அன்றைக்கே போட்டிருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, பிளாஸ்டிக் உறையில் விற்கிறவரே அந்த உறைக்கு ஆயுள் முடியும்வரை பொறுப்பு என்று விரிவான விதிகளை வெளியிட்டது. அதன் பிறகு கம்பெனிகள் சான்றிதழ் வாங்கியும் மூன்றாம் ஆள் மூலம் சேகரித்தும் கணக்கைச் சரிக்கட்டுகின்றன. நாற்பது வருஷத்துக்கு முன் நம் மாவட்டத்து மளிகைக் கடைகளில் ஓடிய உத்தியைத் தூசி தட்டி எடுத்து, "காலி பாக்கெட்டுக்கு இவ்வளவு" என்று நிரந்தரமாக வைக்க எந்தப் பெரிய கம்பெனிக்காவது துணிச்சல் வந்தால், அதைச் சமூகப் பொறுப்பிலிருந்து பிறந்த புதுமை என்று நானே முதலில் கை தட்டுவேன். மரம் நடுகிற போட்டோவுக்குத் தட்ட மாட்டேன்.

புதுச்சேரிப் பக்கம் இன்னொரு உதாரணம் இருக்கிறது, உங்கள் புராஜெக்டுக்கு இதுதான் நேராகப் பொருந்தும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்கில் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்று வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடல் அலை உயரக் கணிப்பு கிடைத்தது. அதை எடுத்துத் தமிழில் சொல்லி ஒலிபெருக்கியில் போட்டார்கள். இதில் கம்ப்யூட்டர் பெரிய விஷயமில்லை. விடிகாலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர் திரை முன்னால் வந்து உட்கார மாட்டார் என்று புரிந்துகொண்டு மரத்தில் குழாயைக் கட்டினார்களே, மூளை அங்கேதான் வேலை செய்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று பக்கத்து நல்லவாட்டில் அந்தக் குழாய் என்ன செய்தது என்பதை நம் பக்கத்தில் பலரும் அறிவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டுப் போன் செய்ய, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரே வெளியேறியது. வீடும் படகும் போயின, உயிர்கள் தப்பின.

அதன் தொடர்ச்சியாகத்தான் குவால்காம் தன் சமூகத் திட்டத்தின் கீழ் இந்த நிறுவனத்தோடும் டாட்டா டெலிசர்வீசஸோடும் சேர்ந்து, மீனவர் கையிலிருக்கும் செல்போனிலேயே அலை, காற்று, மீன் விலை எல்லாம் வருகிற மாதிரி 'ஃபிஷர் ஃபிரண்ட்' செயலியைக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையத்தின் கணிப்புகள் அதில் வருகின்றன. பிற்பாடு எல்லை தாண்டப் போகிறாய் என்று எச்சரிக்கும் வசதியும் சேர்ந்தது. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் கதையைத் தினம் கேட்கிற கரையில் அது சின்ன விஷயமல்ல. குவால்காமுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். செல்போன் சிப்பும் தொழில்நுட்பமும் விற்கிற கம்பெனி அது. போன் பேசுவதற்கு மட்டுமல்ல என்று கரையில் நிற்கிறவருக்கும் தோன்றினால் அதன் சந்தைதான் பெரிதாகும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. லாபமும் ஒட்டிக்கொண்டிருக்கும் திட்டம் மேலாளர் மாறினாலும் சாகாது, எங்கள் ஆர்.ஓ. நிலையம் மாதிரி ஆட்டுக்கு நிழலாகிவிடாது.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அதைச் சி.எஸ்.ஆர். உதாரணமாக எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியபோதே ஏழையின் கண்தான் அவர்கள் தொழில். வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் ஏழைக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதால் 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள், விலை பல மடங்கு இறங்கியது. பொறுப்பு என்று தனியாக ஒரு பிரிவு அங்கே தேவைப்படவே இல்லை. அது வேறு வகை, உங்கள் அட்டவணையில் அதைத் தனியாக வையுங்கள்.

சரி, உங்கள் அப்பாவின் ஆலை. பிரிவு 135 உங்களைத் தொடாது. 2 சதவீதக் கணக்கும் இல்லை, சி.எஸ்.ஆர். குழுவும் இல்லை. அதனாலேயே உங்களுக்கு நடுச்சுவர் கிடையாது, குறை சொல்கிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். பெரிய கம்பெனி ஆலோசகருக்குப் பணம் கொடுத்துத் தேடுகிற வசதி அது.

உங்கள் ஆலை டிரம்மில் வறுக்கிறதா, நீராவியில் வேகவைக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வறுப்பதாக இருந்தால் முதல் புகார் புகைதான். அந்தக் கறுத்த புகையில் போவது கொட்டைத் தோட்டின் எண்ணெய். நீராவியில் வேகவைத்தால் எண்ணெய் தோட்டிலேயே தங்கும். தோட்டைச் செக்கில் பிழிந்து எடுப்பவர்கள் விலைக்கு வாங்குவார்கள். வண்டிகளின் பிரேக் லைனிங், பெயின்ட், பிசின் செய்கிற இடங்களுக்கு அந்த எண்ணெய் போகிறது. பிழிந்த சக்கை எரிபொருள். எங்கள் அசிட்டோன் கதையேதான், பக்கத்து வீட்டார் இருமுவது உங்கள் பணம்.

வேகவைப்பதாக இருந்தால் புகை குறையும், ஆனால் உடைக்கிறவர் கைக்கு எண்ணெய் வரும். உங்கள் வட்டாரத்தில் ஓர் ஆலைக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். உடைக்கிற கொட்டகையில் வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிரட்டையில் சாம்பல், ஒரு மூடியில் விளக்கெண்ணெய். இரண்டையும் தொட்டுத் தொட்டு விரலில் பூசிக்கொண்டு, கொட்டையை உடைக்கும் கட்டரைக் காலால் மிதிக்கிறார்கள். ஓர் அம்மா கையை விரித்துக் காட்டினார். விரல் நுனி கறுத்து வழவழவென்று இருந்தது, ரேகை என்று ஒன்றும் இல்லை. "ரேஷன் கடையில மிஷின்ல விழ மாட்டேங்குது சார். மூணு வாட்டி போனேன். போன அன்னைக்கெல்லாம் கூலி போச்சு" என்றார். முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்கு இது புதுச் செய்தி. "நான் கையுறை வாங்கித்தான் குடுத்தேன், போட மாட்டேங்கறாங்க" என்றார். மூலையில் ஒரு பெட்டி கையுறை பிரிக்காமலே கிடந்தது.

ஏன் போடவில்லை? கூலி கிலோ கணக்கு. கையுறை போட்டால் கொட்டை வழுக்கும், பருப்பு உடையும், உடைந்த பருப்புக்குக் கூலி குறைவு. அதாவது கையைக் காப்பாற்றினால் கூலி போகும் என்கிற மாதிரிக் கணக்கை நாமே போட்டுவைத்துவிட்டுக் கையுறையைத் தர்மமாகக் கொடுக்கிறோம். அந்த ஆலையில் நாங்கள் செய்தது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. இரண்டு விரலுக்கு மட்டும் ரப்பர் உறை, கட்டரில் கொட்டையை விரல் பிடிக்க வேண்டாதபடி ஒரு சின்னக் குழிவு, பழகும்வரை ஆறு வாரத்துக்குக் கிலோ கணக்கை விட்டுவிட்டு நாள் கூலி. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் பெட்டியிலேயே கிடந்திருக்கும். குழிவின் வடிவத்தை மூன்று தடவை மாற்றச் சொன்னது நான் அல்ல, கை காட்டிய அந்த அம்மாதான். நான்காவது சரியாக வந்தது. முழுப் பருப்பு கூடுதலாக விழுகிறது என்று முதலாளி அப்புறம் போனில் சொன்னார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உடைக்கிற கொட்டகையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அப்பாவோடு போக வேண்டாம், அவர் நின்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அம்மாவோ அத்தையோ உடன் வந்தால் நல்லது. கொட்டை எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தானே புயலுக்குப் பிறகு உங்கள் பக்கத்து ஆலைகளில் ஆப்பிரிக்கக் கொட்டை நிறைய ஓடுகிறது, அளவும் தோட்டின் தடிமனும் வேறு, அதற்கேற்ப குழிவும் மாறும். பழகுகிற காலத்துக்கு நாள் கூலி தர முடியுமா என்று அப்பாவிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு கட்டரைப் பார்க்கலாம்.